சனிக்கிழமை ஆட்டமும் கொழும்புப் போனும்

1986 பெப்ரவரி, சனி

டென்மார்க், எஸ்பியர்க். கடும் குளிர். துறைமுகத்தில் கரையோரத் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. காலையில் உடுப்புத் தோய்ப்பு, கோழிக்கறி. பின்னேரம் ரீவியில் இங்கிலாந்து உதைபந்தாட்டம், எங்கள் சிவப்புச் சட்டைக் கழகம்.

குகன் வழக்கம்போலத் துவங்கினான். மீன் தொழிற்சாலையிலும் வீட்டிலும் எனக்கு அவன்தான் துணை. கழகத்தின் வரலாறு முழுக்க அவன் வாயில். எந்தக் கோடையில் யாரை வாங்கினார்கள், யாரை வீணாக வாங்கினார்கள். "இந்த டேனிஷ் பொடியனை வாங்கினாங்கள், ஸ்கொட்லாந்துக்காரனை வாங்கினாங்கள். கப் வந்தது, லீக் வரேல்லையே அண்ணை. இந்த வரியம் ஐப்பசி மட்டும் ஒருத்தனாலையும் அசைக்கேலாமல் கிடந்தவங்கள். இப்ப பாருங்கோ, சரிஞ்சு போறாங்கள்."

இரண்டாம் பாதி துவங்கச் சமையலறையில் போன். எடுத்தேன். கொழும்பு லொட்ஜ் முதலாளி. "குகன்ரை அம்மா பக்கத்திலை நிக்கிறா. இளையவனைச் சிறையிலை பாக்க வந்தவ, விடேல்லை. பஸ்ஸுக்குப் போகமுதல் மூத்தவனோடை கதைக்கவேணுமாம். இங்கையிருந்து கதைக்கக் காசு கனக்க, அவரை உடன திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ."

"ஓம், உடன சொல்லுறன்."

சொல்லவில்லை. கதவடியில் நின்றேன். டேனிஷ் பொடியன் பந்தோடு இடது பக்கத்தால் ஓடுகிறான். குகன் சிரிக்கிறான்.

"ஆர் அண்ணை?"

"வேலையிடத்தாலை."

எங்கள் இரண்டாவது கோலும் விழுந்தது. குகன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். ஆட்டம் முடிந்து அவன் முகம் கழுவிவிட்டு வந்தபிறகு, "இப்பதான் கொழும்பாலை எடுத்தவை" என்றேன். ஓடிப்போய் எடுத்தான். லைன் இல்லை, லைன் இல்லை. கிடைத்தபோது அம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டா.

ஞாயிறு

பனி கொட்டுகிறது. மிஞ்சின கோழிக்கறி அப்படியே சட்டியில். யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. கடிதம் போய்ச் சேர எத்தனை கிழமையோ. அவன் தாயின் குரல் கேட்டு வருடக்கணக்கு.

"நீங்கள் என்ன செய்வியள் அண்ணை, லைன் கிடைக்காததுக்கு?" என்று என்னைத் தேற்றுகிறான்.

அவன் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லாமல் விட்டேன்.

பொய். எனக்கு முடிவு பார்க்கவேண்டியிருந்தது. செருப்பால் அடிக்கவேண்டும் என்னை.

செவ்வாய்

வேலை. கையெல்லாம் மீன் நாற்றம். வாங்க: பால், முட்டை, கையுறை. பக்கத்து மேசை டேனிஷ்காரர் வந்து, கோடையில் கழகம் இன்னும் இரண்டு பேரை வாங்கப்போகிறதாம், அந்த டேனிஷ் பொடியனை விற்றாலும் விற்பார்களாம் என்றார். அந்தக் கதை ஒன்றுக்குத்தான் அந்த மனிதர் எங்களோடு வாய் திறப்பார். மற்ற நாள் என்றால் குகன் அவரோடு மல்லுக்கு நின்றிருப்பான். இன்று தலையே நிமிரவில்லை.

சைக்கிளில் வரும்போது சொல்லிவிட வாயெடுத்தேன். "முன் லைற் எரியேல்லை, பாத்து வா" என்றுதான் வந்தது. கோழை.

சனி

பனி இளகிச் சேறு. மத்தியானம் பருப்பும் சோறும். சாப்பிட்ட பிறகு தாய் ஊர் போய்ச் சேர்ந்தாவோ என்று கேட்கக் குகன் லொட்ஜுக்கு எடுத்தான். முதலாளி சத்தமாகக் கதைக்கிற மனிதர். கோப்பை கழுவிக்கொண்டு நின்ற எனக்கே கேட்டது.

"அண்டைக்கு நெடுநேரம் போனடியிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவ, தம்பி. மணி அடிக்கும் அடிக்கும் எண்டு. உங்கடை அண்ணை உடன சொல்லுறன் எண்டவரே."

குகன் போனை வைத்தான். நான் தண்ணீரை மூட மறந்து நின்றேன். அவன் போய் ரீவியைப் போட்டுக்கொண்டு தன் இடத்தில் இருந்தான். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். வேறு எங்கே போக?

ஆட்டம் துவங்கி வெகு நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்டைக்குப் போன் வந்தது அந்த ரெண்டாவது கோலுக்கு முன்னமோ, பிறகோ?"

"முன்னம்" என்றேன்.