மகரந்தம் செத்த வாரம்

கிளிப்பு அக்காவின் வேலையைக் கெடுத்தது உன் அப்பாதான். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக இதற்கு வரலாம் என்று இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன், விசாரிப்பிலேயே கடிதம் முடிந்துபோகிறது. அதனால் இதை முதலில் எழுதிவிட்டுக் கேட்கிறேன், பாப்பா, நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள். தம்பி பரீட்சை முடித்த களைப்பு என்று சொல்லி நாள் முழுக்கத் தூங்குகிறான், படித்த களைப்பாகத் தெரியவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன மாதம் போனில் உன்னிடம், ஈரப் பிரஷ்ஷை வைத்து ஒருத்தி மூன்று பாத்தியை நாசமாக்கிவிட்டாள் என்று சொன்னேன். நீயும், "அந்த மாதிரி ஆளை ஏம்ப்பா இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க" என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை, உனக்கு நான் சொன்னது பொய். இந்த வருஷம் பண்ணையில் விதைக்குப் போட்ட பூசணியில் ஆண் பூ முந்திக்கொண்டது, பெண் பூ பிந்தியது. பெண் பூ விரியும் நேரத்தில் பிரஷ்ஷால் எடுத்துத் தடவ ஆண் பூ தட்டுப்பாடாகிவிடும் என்று முன்கூட்டியே விடியற்காலையில் ஆண் பூக்களைப் பறித்து, மகரந்தத் தூளை உதிர்த்து நிழலில் காயவைத்து, சின்னக் குப்பிகளில் போட்டுப் பஞ்சால் அடைத்து, அலுவலகக் கொட்டகையில் இருக்கும் பிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்தோம். நன்றாகக் காய்ந்த தூள் அங்கே சில நாள் தாங்கும். சூடோ ஈரமோ பட்டால் செத்துவிடும். சாவி என்னிடம் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நீ வேலை உறுதியானது என்று கூப்பிட்டாயே, அப்போது என் போனில் சார்ஜ் இல்லை. கொட்டகையில் இருப்பது ஒரே பிளக். பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகினேன். சந்தோஷத்தில் அப்படியே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை, மறந்தவன் நான். திங்கள் காலை யாரும் வருவதற்குமுன் போய்த் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நான் பிளக்கை மாட்டிவிட்டுத் தரையைத் துடைத்தேன், துணியைப் பிழிந்து பின்னால் காயப்போட்டேன், பிறகு குப்பிகளை எடுத்து அந்த மூன்று பாத்தி ஆட்களுக்கும் பிரித்துக் கொடுத்தேன்.

தேனீ புகாமல் பூவை மூடும் கிளிப்புகளைச் சட்டை ஓரத்தில் வரிசையாக மாட்டிக்கொண்டு வருவதால்தான் அவளுக்குக் கிளிப்பு அக்கா என்று பெயர். அவள் கைக்கு ஈடு இங்கே ஆளில்லை. அன்று அவள் ஒருத்திதான் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், தூள் கட்டி கட்டியா இருக்கு, பிரஷ்ல ஒட்டவே மாட்டேங்குது" என்றாள். "உனக்குக் குறுக்கு விசாரணை வேலை குடுக்கலை, போய் வரிசையைப் பாரு" என்று விரட்டினேன். நாலு நாளில் மூன்று பாத்தியிலும் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. முதலாளி வந்து நின்றார். யாரோ ஈரப் பிரஷ்ஷைக் குப்பிகளில் விட்டுத் தூளைக் கெடுத்திருக்கிறார்கள் என்றேன். யார் என்று கேட்டார். என் வாயில் அவள் பெயர் தானாக வரவில்லை, பாப்பா. விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்பதால் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பக்கத்துப் பண்ணைகளிலும் அவளைச் சேர்ப்பதில்லை. போன இடத்தில் "ஈரக்கை வருது, குடையைப் பிடிங்கடி" என்று சிரித்திருக்கிறார்கள். அது என் காதில் விழுந்தது. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "சூப்பர்வைசர் தப்புன்னு எழுதினா விதைக் கம்பெனிக்காரன் பண்ணையையே கைகழுவிடுவான், கூலியாள் தப்புன்னா ஒரு ஆளோட போச்சு, பேசாம இருங்க" என்றார். இப்படித்தான் நடக்கிறது, மேலே யார் எதைக் கொட்டினாலும் துடைக்கிற துணி கீழே தயாராக இருக்கிறது. இதை எழுதுகிற நான் அதே சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, கட்டிலில் புருஷன் முதுகுவலியோடு படுத்திருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

புது வேலையில் யாராவது உனக்குக் கீழே இருந்தால், அவர்கள் வந்து சொல்வதை விரட்டாமல் கேள். நான் சொன்ன பொய்யை அங்கே யாரிடமாவது கதையாகச் சொல்லியிருந்தால் திருத்திச் சொல்லிவிடு, மறக்காதே. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் வேண்டுவது அதைத்தான்.

உன் அப்பா

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை பூ விரியும் நேரத்தில் கிளிப்பு அக்கா பண்ணைக்கு வந்தாள். பாத்திகளைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டாள். உள்ளே நாற்பது பேரும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "சார், என் வீட்டு வாசல்ல நின்னு சொன்னீங்களே, அதை இங்க இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க" என்றாள்.