காபி வைத்துவிட்டுப் போகிறாள்

அக்கா,

உங்கள் மகள் நேற்று வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். வருஷ நினைவுக்கு உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்க ஒரு தாள் வேண்டுமாம். "அந்தக் குரங்கு சீன், உங்க கையெழுத்துல இருக்குமே மாமா, அந்தப் பேப்பர். நீங்க எழுதின அந்த வசனம்தான அம்மாவுக்குப் பேர் வாங்கிக் குடுத்துச்சு" என்றாள். "தேடித் தரேம்மா" என்றேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது? எந்தக் கட்டுக்குள் எத்தனையாவது தாள் என்றுகூட எனக்குத் தெரியும்.

இதோ, எதிரே கிடக்கிறது. ஓரம் பழுத்துப்போய், தொட்டால் கையில் தூசு ஒட்டுகிறது. அந்தக் காட்சிக்கு நான் எழுதியது மொத்தமே ஒரு வரி. 'லாட்ஜ்கார அம்மா காபி வைத்துவிட்டுப் போகிறாள்.'

செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் குடும்பத்தைப் பற்றிய நம் டிவி காமெடித் தொடரில் நான் வசனம், நீங்கள் லாட்ஜ்கார அம்மா. ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டில் படப்பிடிப்பு. ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று வீட்டுக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வெளிச்சம் போதவில்லை என்று கேமராக்காரர் திறந்துவிட்டார். நீங்கள் காபியோடு உள்ளே வரவும், குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் குதித்து, மேசையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தது. விருந்தாளியாக நடித்தவர் அலறிக்கொண்டு ஓடினார். டைரக்டர் 'கட்' சொல்லக்கூட மறந்து நின்றார். நீங்கள் அசரவில்லை. டம்ளரை அதன் முன்னால் வைத்தீர்கள்.

"பௌர்ணமிக்கு ரூம் எல்லாம் ஃபுல்லுப்பா. சரி, ஆதார் இருக்கா?"

அது பழத்தை உரித்தது.

"ஆதாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காந்திருக்கற ஜோரைப் பாரு!"

கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் படம் குலுங்கியது. இப்போது பார்த்தாலும் தெரியும். அதற்கப்புறம் கிரிவலப் பாதையில் குரங்கு வழிமறித்தால் போதும், ஜனங்கள் "ஆதார் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு அந்தப் பேட்டி. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். "அந்த ஆதார் வசனம் தானா வந்ததா, எழுதினதா சார்?" என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். "குரங்கு வரும்னு தெரியும்மா. வந்தா என்ன பேசணும்னு முந்தின நாளே எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன், அக்கா! அதுவரை என் வசனத்தைப் பற்றி ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஏக்கம் பாதி, உங்கள் மேல் பொறாமை பாதி.

அவள் உங்கள் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். குரங்கைப் பார்த்தீர்களே, அதே பார்வை. கோபம் இல்லை, பதற்றம் இல்லை.

"ஆமாம்மா, தம்பி எழுதிக் குடுத்ததுதான். நான் என்னத்தக் கண்டேன்" என்று சிரித்தீர்கள். அதையும் உங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

வெளியே வந்ததும், "ஒரு டீ சாப்டலாமா தம்பி?" என்றுதான் கேட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், நான் பிழைத்திருப்பேன். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்று சொல்லிவிட வாயெடுத்தேன். "எளைச்சிட்டியே, சாப்டறியா இல்லையா?" என்றீர்கள். அப்படியே விழுங்கிவிட்டேன்.

இன்று காலை பேனாவை எடுத்தேன். அந்த ஒற்றை வரிக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. அதே நீல மை, அதே கையெழுத்து. யாருக்குத் தெரியப்போகிறது? மூடியைத் திறந்தும்விட்டேன். சீ, நானெல்லாம் என்ன மனுஷன்! மூடி வைத்துவிட்டேன்.

தாளை இருக்கிறபடியே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். "வசனம் எங்க மாமா?" என்று கேட்பாள். எனக்கு யோசிக்காமல் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். சமாளித்துவிட நீங்களும் பக்கத்தில் இல்லை.