பாலாடைச் சண்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கடுங்காப்பி. கப்பை மேசையில் வைத்து, அதன் கைப்பிடி என் பக்கம் வரும்படி மெல்லத் திருப்பினார் அவர். அந்தத் திருப்பலில்தான் எவ்வளவு ஜாக்கிரதை! குடித்தேன். நாக்கில் துருப்பிடித்த ஆணியின் ருசி.

எனக்குப் பால் காப்பி வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மார்பில் கட்டியை எடுத்தாயிற்று, மருந்து ஏற்றுகிறார்கள், தலையில் ஒரு முடி பாக்கியில்லை — இத்தனைக்கும் நடுவில் மனசு எதற்கு ஏங்குகிறது பார்.

மார்ச் 6, வியாழன்

எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை மருந்து ஏற்றிய மறுநாள் காலை. பால் பொங்கிய வாசனைக்கே குடலைப் புரட்டியது. அவர் நீட்டிய கப்பைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதே காலையில்தான் நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பியிருந்தாள்: "அண்ணி, பாலை உடனே நிறுத்துங்க. கட்டிக்கு உரம் போடற மாதிரியாம் அது. தயிர், வெண்ணெய் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்." பாவம், பாசத்தில் சொன்னதுதான்.

சாயங்காலம் ஃபிரிஜ்ஜைத் திறந்தால் பால் இல்லை. தயிர் இல்லை. வெண்ணெய் இருந்த இடத்தில் நாலு எலுமிச்சம்பழம். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் அவர். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாராம். என் விஷயத்தில் அவருக்குத் திறக்க ஒரு கதவும் அகப்படவில்லை. பாலை நிறுத்துவது ஒன்றுதான் அவர் கையால் ஆனது. அதையும் பிடுங்கிக்கொள்வேனா?

மார்ச் 7, வெள்ளி

கனவில் தயிர். வெறும் தயிர். சிரிப்பதா, அழுவதா?

மார்ச் 11, செவ்வாய்

வாயெல்லாம் புண். பேச்சும் குறைந்துவிட்டது.

எங்கள் சண்டையை நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியுமே ஆடை, அது யாருக்கு என்று தினமும் வழக்கு. "நான்தானே காய்ச்சினேன், எனக்குத்தான்" என்பார். "காய்ச்சினதுக்குக் கூலி வேணா வாங்கிக்கோங்க, ஆடை என்னோடது" என்பேன். ஸ்பூன்களை ஒளித்து வைப்பார். நான் விரலாலேயே வழித்துவிடுவேன். உள் அறையிலிருந்து மகள் கத்துவாள்: "நர்சரி பிள்ளைங்களா! சத்தம் போடாம சண்டை போடுங்க!"

இப்போது என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை. மகள்கூட எதிர்த்துப் பேசுவதில்லை, கேட்குமுன்னே ரிமோட்டை நீட்டுகிறாள். நோய் என்றால் இதுதானோ? எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவது?

மார்ச் 15, சனி

நான் கண் பரிசோதிக்கும் கண்ணாடிக் கடைக்குச் சும்மா ஒரு நடை போய்வந்தேன். எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண் இருட்டறையில் யாருக்கோ லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். "இது தெளிவா, முன்னாடி போட்டதா?" வாசலிலேயே நின்று அவள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். வீட்டில் ஒரு கேள்வி கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 20, வியாழன்

எடை மறுபடி இறங்கிவிட்டது. டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. "இப்படியே போனா அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டி வரும். உணவு ஆலோசகரைப் பாத்துடுங்க."

தள்ளிப்போனா? தள்ளிப்போனா என்ன ஆகும்? கேட்டா யாரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்களே —

வீட்டுக்கு வந்ததும் அவர் சோயா பால் கலந்து கொடுத்தார். சுண்ணாம்புத் தண்ணீர். "நல்லாருக்கு" என்றேன். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு பேருக்கும் பொய் சொல்லவே வராது.

மார்ச் 24, திங்கள்

உணவு ஆலோசகர் சின்னப் பெண். நான் சாப்பிடுவதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

"பால், தயிர்?"

"நிறுத்திட்டோம்" என்றார் அவர்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"இவதான்."

"இவர்தான்."

ஒரே நேரத்தில் சொன்னோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நானா? நீதானே கப்பைத் தள்ளின! தங்கச்சி பேசி அனுப்பினதைக் கேட்டு நீ பயந்துட்டியோன்னுதான் நான்..."

"ஐயோ, அன்னிக்கு எனக்குக் குமட்டல்ங்க! நீங்கதான் பயந்து போய் எல்லாத்தையும் தூக்கிப் போட்டீங்கன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்!"

ஆலோசகர் பேனாவை மூடினாள். "ரெண்டு பேரும் முடிச்சதும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். பால் குடித்தால் இந்த நோய் வளரும் என்று உறுதியாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆராய்ச்சிகள் நடக்கின்றன, ஒன்று சொல்வதை இன்னொன்று சொல்வதில்லை. "ஆனா உங்க எடை குறையறது நிச்சயம். உங்களுக்கு இப்ப சத்து வேணும். நல்லாக் காய்ச்சின பாலா குடிங்க, பச்சைப் பால் வேண்டாம். வயிறு உப்பினா, பேதியானா எனக்கு ஃபோன் பண்ணுங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க, வேற வழி பாக்கலாம். பயந்துக்கிட்டு மட்டும் விடாதீங்க."

இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். மாறுகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் பால் குடிக்கல, தெரியுமா. வேலை எடத்துலகூட. உனக்கில்லாதது எனக்கு எதுக்குன்னு."

நானும் அந்த எண்களையே பார்த்தேன்.

"இந்த லிஃப்ட்ல எங்கயோ உரசுது, கேக்குதா?" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

பால் காப்பி. ஆசையாக ஒரு வாய் குடித்தேன். துருவின் ருசி இதிலும் இருக்கிறது. மருந்து நாக்கை விடவில்லை. பாதிதான் இறங்கியது.

ஆடையை ஸ்பூனில் எடுத்து அப்படியே என்னிடம் நீட்டினார். "சாப்பிடு, உடம்புக்கு நல்லது." வாங்கிச் சாப்பிட்டேன். நான் ஏங்கினது இதுக்கில்ல. இப்படித் தர்றதுக்கில்ல.

நாத்தனாருக்கு விஷயம் போய்விட்டது. "அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்று குதித்தாளாம். அவர் என் எடையைச் சொல்லியிருக்கிறார். அப்புறம், "அப்படின்னா வெண்ணெயையும் சேத்துக் குடுண்ணா."

ஏப்ரல் 8, செவ்வாய்

பழத்தோடு அடித்த தயிர் நன்றாக இறங்குகிறது. புண்ணுக்குக் குளிர்ச்சி. ஆடை தினமும் தட்டில் வைத்து வருகிறது, கேட்காமலே.

ஏப்ரல் 19, சனி

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மருந்தைத் தள்ளிப்போடவில்லை, போன வாரமே ஏற்றிவிட்டார்கள். இன்னும் எத்தனையோ இருக்கிறது, தெரியும்.

காலையில் சமையலறைக்குப் போனேன். அவர் அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தால் பால் வெறுமையாக, பளபளவென்று கிடக்கிறது.

"ஆடை எங்கே?"

திரும்பினார். கன்னம் உப்பியிருந்தது. "நான்தானே காய்ச்சினேன்" என்றார், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். வராந்தாக் கதவுவரை. மூச்சு வாங்கியது. உள்ளேயிருந்து மகள் கத்தினாள்: "நர்சரி பிள்ளைங்களா!"

பாவி மனுஷன். ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை.