உப்பில்லாமல் மசித்த கேரட்

பிப்ரவரி 6, வியாழன்

ஆராய்ச்சிக்கூடத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அறுபது தாண்டியவர்கள், பெரிய வியாதி இல்லாதவர்கள், தினம் ஒரு பொட்டலம் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டும். பன்னிரண்டு வாரம். சிக்கரி வேரிலிருந்து எடுத்த நாராம். காப்பித்தூளில் கலப்பார்களே, அதே சிக்கரி. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவர்களுக்கே தெரியாது.

விளக்கிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் சொன்னார், அங்கேயே மறந்துவிட்டேன். நார்க்காரம்மா என்று வைத்துக்கொள்கிறேன்.

"இந்த நார் நமக்குச் செரிக்காதுங்க ஐயா. அப்படியே பெருங்குடலுக்குப் போயிடும். அங்க இருக்கற நல்ல பாக்டீரியாவுக்கு இதுதான் சாப்பாடு. அதுங்க சாப்பிட்டுப் பெருகினா நமக்கு நல்லது."

கோடி கோடியாக இருக்கின்றனவாம். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை மாட்டியே பழக்கம். எனக்குள் இவ்வளவு கூட்டம் இருப்பது தெரியாது. வீட்டில்தான் ஒருவரும் இல்லை.

வாராவாரம் வியாழன் பத்து மணிக்குப் போகவேண்டும். அதற்காகத்தான் சேர்ந்தேன். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்.

பிப்ரவரி 7, வெள்ளி

சாப்பாட்டுக் குறிப்பேடு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாகச் சாப்பிடுவதை மாற்றக்கூடாது, ஆனால் ஒன்று விடாமல் எழுதவேண்டும். காலை: டீ, ரொட்டி. மதியம்: ரொட்டி, முட்டை. இரவு: ரொட்டி. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். ஜெயிலில்கூட இதைவிட நன்றாகப் போடுவார்கள்.

ஏழு மணிக்கு வீட்டுக்காரியின் போன். பேத்தி பிறந்த சமயம், ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி மகள் இருக்கும் நாட்டுக்குப் போனவள். பேத்திக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

தினமும் இதுதான். ஆச்சு என்றால் ஆச்சு. என்ன சாப்பிட்டேன் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்கு என்னவோ தோன்றி, "அங்க இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டேன். "என்ன சமையலா?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: வெங்காயம் நிறையப் போட்டுப் பருப்பு, பீன்ஸ், முட்டைக்கோஸ்.

போனை வைத்தேன். பக்கத்தைக் கிழித்தேன். பருப்பு, பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று எழுதினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்?

பிப்ரவரி 13, வியாழன்

நார்க்காரம்மா குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "தனியா இருந்துக்கிட்டு இவ்ளோ சமைக்கறீங்களா ஐயா? எங்க வீட்ல நாலு பேர், நான் இதுல பாதிகூடச் செய்றதில்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

பிப்ரவரி 24, திங்கள்

தினமும் கேட்கிறேன், தினமும் எழுதுகிறேன். அவளும் இப்போதெல்லாம் விலாவாரியாகச் சொல்கிறாள். பூண்டு எத்தனை பல், காராமணி எவ்வளவு நேரம் ஊறியது என்பது வரைக்கும். "கல்யாணமாகி முப்பத்தியொரு வருஷம், ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?" என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. குறிப்பேட்டுக்காகக் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது.

குறிப்பேட்டுக்காக மட்டுமா?

மார்ச் 6, வியாழன்

முதல் மல மாதிரி கொடுக்கும் நாள். ஐஸ் போட்ட டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர், "மீனா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மாட்டிக்கொள்ள இருந்தேன். "ஐயா, இந்த வாரம் மூணு நாள் 'கேரட், வேகவைத்து மசித்தது, உப்பில்லாமல்'னு எழுதியிருக்கீங்களே, பல்லுல ஏதாவது பிரச்சினையா?"

பேத்திக்குக் கொடுத்தது. வீட்டுக்காரி சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருக்கிறேன். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பல் டாக்டர் ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

போனவாரம் கொடுத்த இரண்டாவது மாதிரிக்கும் முடிவு வந்துவிட்டது. நார்க்காரம்மா முகம் சரியில்லை.

"நீங்க எழுதினதுக்கும் உங்க வயித்துல இருக்கறதுக்கும் ஒட்டவே மாட்டேங்குது ஐயா. உங்களுக்கு வெறும் மாவே கொடுத்திருந்தாலும், இவ்ளோ பீன்ஸ், வெங்காயம், பருப்புல இருக்கற நாருக்கே நல்ல பாக்டீரியா பெருகியிருக்கணும். இதுல அதுங்க பட்டினி கிடக்குற மாதிரி இருக்கு. நார் கிடைக்கலன்னா சிலது சும்மா இருக்காது, குடலோட உள்பூச்சையே கொறிக்க ஆரம்பிச்சிடும்."

ஆய்வகத்து உதவியாளர் டப்பாக்களை மாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்கள். எல்லாருடைய மாதிரியையும் மறுபடி எடுக்கப் போகிறார்களாம். அந்த மனிதர் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருக்கும்.

வாயைத் திறந்தால் வியாழக்கிழமை போய்விடும். திறக்காவிட்டால் அவர் வேலை போய்விடும்.

"அவர் மேல தப்பில்லம்மா. நான் எழுதினதெல்லாம் பொய்."

நார்க்காரம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்ப இது யாரோட சாப்பாடு?"

"எங்க வீட்டுக்காரியோடது. போன்ல சொல்லுவா."

"அவங்க வயிறாவது நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் பெயரை அடித்தார். ஒரே கோடுதான். என்னை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாதாம். மிச்சப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

போன் வந்தது. எடுத்தேன், "ஆச்சு" என்றேன், தலைவலி என்று வைத்துவிட்டேன். என்ன சமையல் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பத்து மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

"ஒரு வாரமா ஏன் கேக்க மாட்டேங்கறீங்க? எம்மேல ஏதாவது கோவமா?"

சொல்லிவிட்டேன். குறிப்பேடு, மசித்த கேரட், அடித்த கோடு, எல்லாவற்றையும். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. வெறும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்கவைக்கலாம் என்று நார்க்காரம்மா சொன்னதைச் சொன்னேன் - உன் வயிறாவது நல்லா இருக்கட்டும்னாங்க.

"நான் எங்கங்க அதெல்லாம் சாப்ட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸ்லயே சாப்ட்டுட்டு வந்துடுறாங்க. எனக்கு ஒருத்திக்கு என்னத்த அடுப்பு மூட்டுறது? குழந்தைக்கு மசிக்கிறதுல மிஞ்சினா அது. இல்லன்னா ரொட்டி. அன்னிக்கு நீங்க அதிசயமா கேட்டீங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னா மறுநாள் கேக்க மாட்டீங்களோன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். அப்புறம் தினமும் யோசிச்சு வெச்சுப்பேன், இன்னிக்கு என்ன சமைச்சதாச் சொல்லலாம்னு."

ரெண்டு மாசம்! அவ சமைக்கல, நான் சாப்பிடல. ரெண்டு வீட்லயும் அடுப்பே எரியாத சாப்பாட்ட நான் அளவு போட்டு எழுதியிருக்கேன். கேரட் மட்டும்தான் நிஜம், அதுவும் குழந்தையோடது - பாவி, அங்க அவளும் இப்படித்தான் கெடந்தாளா? வீடு நிறைய ஆளு இருக்கு, அவளுக்கென்னன்னு இருந்தேனே. எனக்கு மட்டும்தான் யாருமில்லன்னு இருந்தேனே.

"வந்துடு" என்றேன்.

"குழந்தைய யாருங்க பாப்பாங்க?"

"தெரியாது. எனக்குத் தனியா இருக்க முடியல. வந்துடு."

அவள் அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 12, சனி

போன் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றும் இல்லை. கேட்டிருக்கக்கூடாதோ?

ஏப்ரல் 15, செவ்வாய்

மகள் பேசினாள். "ஏம்ப்பா ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூட சொல்லல?" பேத்திக்குப் பகல்நேரக் காப்பகத்தில் அடுத்த வாரம் முதல் இடம் கிடைக்கிறதாம். போன வருடமே கிடைத்ததாம்; அப்பா கேட்கவில்லையே, அவசரம் ஒன்றும் இல்லை என்று அம்மாதான் வேண்டாம் என்றாளாம்.

ஏப்ரல் 26, சனி

தெருமுனைக் கடைக்குப் போனேன். வெங்காயம் இரண்டு கிலோ, பூண்டு, முட்டைக்கோஸ், பீன்ஸ் முக்கால் கிலோ. எனக்கு ரொட்டியும் முட்டையும் தவிர எதையும் விற்றுப் பழக்கமில்லாத கடைக்காரர் தராசைப் பிடித்தபடி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், விருந்தாளியா?"

"இல்லப்பா. எங்க வீட்ல நாளைக்கு வராங்க."

அவர் இன்னொரு கை பீன்ஸை அள்ளிப் பைக்குள் போட்டார்.