உப்புத் தண்ணீர் வயலுக்குச் சாம்பல் சத்து மறுக்கும் பலகை

அனுப்புநர்:
உப்புக்கிணற்றுக்காரன்,
மக்காச்சோள விவசாயி.

பெறுநர்:
வேளாண்மை அதிகாரி அவர்கள்,
வேளாண்மை அலுவலகம்.

பொருள்: உரக்கிடங்கு வாசல் பலகையை மாற்றி எழுத வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுதப் பழகினேன். 'ழ' போடும்போது மட்டும் பேனா என் பேச்சைக் கேட்பதில்லை.

என் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். இந்த ஆண்டு மழையும் இல்லை. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. இலை ஓரம் கருகி, உச்சி வெயிலில் சுருட்டுப் போலச் சுருண்டது.

தங்கள் அலுவலகத்து மண் பரிசோதனை அம்மா வந்து பார்த்து, சோதனையாகப் பாதி வயலுக்கு மட்டும் ஒரு உரம் போடச் சொன்னார். எங்கள் பக்கம் எந்த உரத்தையும் உப்பு என்றே சொல்வோம். என் தம்பி வரப்பில் நின்று, "ஏண்ணே, தண்ணியே உப்பு. அதுமேல உப்பையும் கொட்டுறியே, ஊறுகாயா போடப்போற?" என்றான். அந்த அம்மா சிரித்துவிட்டு, தான் கொண்டுவந்திருந்த உர மூட்டையைத் திருப்பி என்னை வாசிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டினேன்: சாம்பல் சத்து. பொட்டாஷ் என்பதும் இதுதானாம். தண்ணீரிலுள்ள உப்பு வேருக்குள் முந்திக்கொண்டு நுழையாமல் இது தடுக்கும், இலையும் ஈரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்று எனக்குப் புரியும்படி விளக்கினார்.

ஐயா, அப்படியே நடந்தது. நல்ல தண்ணீர்ப் பயிரின் உயரம் வரவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பாதி நண்பகலிலும் இலை விரித்து நிற்கிறது. தம்பி இப்போது ஊறுகாய்ப் பேச்சை எடுப்பதில்லை. மாலையில் வந்து இலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறான். அந்த அம்மாவின் அறிவை எழுத என் எழுத்து போதாது.

மீதிப் பாதிக்கு வாங்கப் போனேன். கிடங்கு வாசலில், "உப்புத் தண்ணீர் வயலுக்கு உப்பு கிடையாது" என்று பலகை. யார் துணையுமின்றி நான் வாசித்த முதல் பலகை அது. வாசித்துவிட்ட சந்தோஷத்தில், அது எனக்குத்தான் உரம் இல்லை என்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. கிடங்குக்காரர் நல்லவர். "பெருசு, உங்க பயிரு கெட்டுடக் கூடாதுன்னுதான்" என்றார். எல்லா உரமும் ஆகாது என்று அந்த அம்மாவும் சொல்கிறார். ஆனால் இது ஆகும். பூ எடுக்குமுன் போடாவிட்டால் மீதிப் பாதியில் மணி பிடிக்காது.

ஆகவே, "மண் பரிசோதனை அம்மா சொன்னால் சாம்பல் சத்து உண்டு" என்று பலகையை மாற்றித் தர வேண்டுகிறேன். பெரிய எழுத்தாக இருந்தால் நலம்.

மாற்றினால் அடுத்த வாரம் நன்றி எழுதுவேன். மாற்றாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன். எழுதத்தான் இப்போது தெரியுமே.

நாள்: திங்கட்கிழமை
இடம்: கிணற்றடி

இப்படிக்கு,
உப்புக்கிணற்றுக்காரன்
(கையொப்பம், கைநாட்டு அல்ல)