இரண்டு பேஸ் மூச்சு

ஏனுங்க, இன்றைக்கும் கரண்டு இரண்டு பேஸ்தான் வந்திருக்கிறது. மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். கொட்டகையில் பல்பு மட்டும் எரிகிறது, மரவள்ளி வாடிக்கிடக்கிறது. பல்பையே பார்த்து உட்கார்ந்து அலுத்துப் போனேன். இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் நினைப்பு வந்து தொலைக்கிறது.

போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறைப் புழுதியைத் தின்றுவிட்டு வந்தீர்கள். வலது நுரையீரலில் கட்டி என்றார்கள். அந்த நுரையீரலையே எடுத்துவிடலாம், ஆனால் இடது ஒன்றை வைத்துச் சமாளிப்பீர்களா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் கோயமுத்தூர் டாக்டர். கதிரியக்க வாயுவை முகமூடி வழியாக இழுக்க வேண்டுமாம்; காற்று போகிற இடமெல்லாம் படத்தில் வெளிச்சமாகத் தெரியுமாம். இழுத்த மூச்சைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். அதுதான் உங்களுக்கு வரவில்லை, இருமல் வந்துவிடும்.

ஸ்கேனுக்கு முந்தின வாரம் முழுக்க இந்தக் கொட்டகை வாசலில்தான் பழகினோம். இருவரும் சேர்ந்து பிடிப்போம், யார் முதலில் விடுகிறோம் என்று பந்தயம். எப்போதும் நான்தான் தோற்றேன். "என்ன புள்ள, அதுக்குள்ள உட்டுட்டே?" என்று சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தீர்கள்.

ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். "நல்லா இழுங்க ஐயா... புடிங்க" என்றது ஸ்கேன் எடுக்கிற பெண். பிடித்துவிட்டீர்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் படத்தில் வலது பக்கம் இருட்டு. இடது பக்கமும் திட்டுத் திட்டாகத்தான் வெளிச்சம். ஆபரேஷன் தாங்காது என்றுவிட்டார் டாக்டர்.

பஸ்ஸில் அழுதேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி, "உடு சாமி. ரெண்டு பேஸுதான் வருதாட்டிருக்குது. பல்பு எரியும், மோட்டாரு ஓடாது" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம்! அப்போதுமா கேலி? குமாரபாளையம் வருகிறவரை உங்களோடு பேசவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டீர்கள்.

"நெசமாவே உன்னால அவ்வளவு நேரந்தான் புடிக்க முடியுமா?"

"ஆமாங்க."

"பொய்யி" என்றீர்கள். கையை விடவில்லை.

இப்போதும் தனியாக உட்கார்ந்து பிடித்துப் பார்க்கிறேன். என்னால் இன்னும் வெகுநேரம் முடியும். ஆனால் நீங்கள் விடுகிற இடம் வருமே, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடுகிறேன்.