குலுக்கலில் விழுந்த மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு, பாஸ்ராவிலிருந்து ஷதாவின் சலாம். முழங்கால் வலி தேவலையா? மோசூலில் குளிர் தொடங்கியிருக்குமே. நான் சுகம். இடது கையால் எழுதுவதால் எழுத்துக் கோணல். பயப்படாதீர்கள், வலது மணிக்கட்டில் சின்ன முறிவுதான்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ரத்தத்தில் கிருமி பரவியவர்களுக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறோம். சம்மதித்தவர்களில் யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்குச் சுட்ட குண்டு பாய்ந்து, காயத்தில் கிருமி ஏறிய நாஹிக்குப் பழையது விழுந்தது. அதைக் கேள்விப்பட்ட அவன் அண்ணன் குதைர், கண்ணாடிக் கதவை உதைத்து உடைத்துக்கொண்டு வந்து, என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"பக்கத்துக் கட்டில்காரனுக்கு நல்ல மருந்து, என் தம்பிக்குக் குப்பையா? அவன் என்ன உன் மாமன் மகனா?"

"எது நல்லதுன்னு தெரிஞ்சா எதுக்குடா சோதிக்கிறோம்?" என்று மூச்சுத் திணறக் கத்தினேன்.

குளுக்கோஸ் மாட்டும் கம்பியால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. காவலர்கள் அவனைப் பல் தெறிக்க அடித்து இழுத்துப் போனார்கள்.

இன்று நாஹி கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். புது மருந்து ஏற்றிய பக்கத்துக் கட்டில் இளைஞன் இறந்துவிட்டான். அவன் தாய் என்னிடம், "அந்த அண்ணன்காரன் அப்படிக் கத்தினானே, அப்பவே மாத்திக் கொடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள்.

கழுத்து மூடிய சட்டை இரண்டு அனுப்புங்கள். நீங்கள் போட்ட ஊறுகாயும் கொஞ்சம். புது நோயாளி வந்திருக்கிறார், குலுக்கலுக்குக் கூப்பிடுகிறார்கள். ஓடுகிறேன்.

உங்கள் ஷதா